மருந்தில்லாமல் வா, மாதேஷு

மாதேஷு, சாமி, எழுத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே. கை உன் தங்கையுடையது, பேச்சு என்னுடையது. எனக்கு வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கிக் கிடக்கிறது. மார்பை எடுத்த பக்கத்துக் கை அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். பேனாவைப் பிடித்தால் இரண்டு வரிக்குள் விரல் மரத்துப்போகிறது. அதனால் நித்யா பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடைகூட மாற்றாமல், கட்டிலோரம் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் "வூடு" என்றால் அவள் "வீடு" என்று எழுதுகிறாள். "நான் பேசறது உங்கண்ணனுக்குத் தெரியாதா, அப்படியே எழுதுடி" என்றேன். "எழுத்துன்னா எழுத்து மாதிரி இருக்கணும்மா" என்கிறாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் யார் வாதாடுவது? ஆகவே இதில் நீ படிக்கிற அழகான வார்த்தைகளுக்கு எல்லாம் அவள்தான் பொறுப்பு.

இதைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கட்டுமா என்று தொடங்கும்போதே கேட்டாள். கொடு என்றேன். "ஊரே படிக்கும்மா." "படிக்கட்டும். கெடாக்கறி தின்னவங்க அத்தன பேரும் படிக்கணும்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்தாள். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஏன் ஊருக்கு முன்னால் சொல்கிறேன் என்று உனக்குக் கோபம் வரலாம். நடந்தது ஊருக்கு முன்னால்தானே, கண்ணு? அதைச் சரிசெய்வதும் ஊருக்கு முன்னால்தான் நடக்க வேண்டும்.

எனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது உங்கப்பா முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டி கரைந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்றார். அறுவை சிகிச்சை நடந்தது, ஊசி மருந்து ஏறியது, முடி போனது, திரும்ப முளைத்தது. பிறகு ஈரலிலும் இடுப்பெலும்பிலும் வந்துவிட்டது என்றார்கள். மறுபடியும் ஊசி போட்டார்கள். அந்த நாட்களில்தான் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து உன் போன் வந்தது. உங்கப்பா மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாராம். "அப்பா, எங்க பேப்பர் வந்துடுச்சு. அந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வைத் திரும்ப உள்ள விட்டோம். கேன்சர் செல்லு வளர்றது நின்னுடுச்சுப்பா!" என்று கத்தியிருக்கிறாய். "நின்னுடுச்சா?" என்று கேட்டார். "நின்னுடுச்சுப்பா." "நெசமாவா?" "நெசமாத்தாம்பா, திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டோம்." நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் கேட்டதிலும் ஒரு சொல் தவறவில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லைப் பற்றி நீ பேசினாய். அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே கேன்சர் என்னுடையது.

அவர் வீட்டுக்கு வரவில்லை, நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். நீ அனுப்பியிருந்த கட்டுரையின் முதல் பக்கத்தைக் கலரில் எடுத்து லேமினேட் போட்டு, மண்டிக்குத் திரும்பினார். "எம்பையன் பேரு இந்தா பாருங்க, ரெண்டாவது" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். கமிஷன் கடைக்காரர், "ரெண்டாவதா? அப்ப மொதல்ல இருக்கறவன்தான கண்டுபுடிச்சான்?" என்று சீண்டியிருக்கிறார். "அது அவனுக்கு சீனியருங்க. மரியாதைக்குப் போட்டிருப்பான்" என்று உங்கப்பா சொன்னாராம். தக்காளிக்குக் கிடைத்த விலையைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் அவர் வந்தது அந்த ஒரு நாள்தான். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்ட குரலில் கல்யாணமான புதிதில் இருந்த ஆளைக் கேட்டேன். நானும் நம்பினேன், மாதேஷு. அதை மறைக்க விரும்பவில்லை. என் மகன் எனக்காக ஒன்றைக் கொண்டுவருகிறான் என்று நம்பி, அன்று களியும் கீரையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

வேண்டுதல் பலித்த பிறகுதான் கிடா வெட்ட வேண்டும். பலிக்கும் முன் வெட்டுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. உங்கப்பா பலித்துவிட்டது என்று நினைத்தார். உனக்கு, "ஞாயித்துக்கெழம முனியப்பனுக்குப் பொங்கல், வந்துடு" என்று மட்டும் சொன்னார். ஓசூர் வழியாக நீ வந்து இறங்கியபோது கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தது. கிடா வெட்டி முடித்து அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. மைக்கில் உன் பெயர். யாரோ உனக்குத் துண்டு போர்த்தினார்கள். நீ பந்தலைப் பார்த்தாய், அப்பாவைப் பார்த்தாய், பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாய். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான்.

எல்லோரும் இலைக்கு உட்கார்ந்தபோது, பாலக்கோட்டுப் பக்கமிருந்து வந்திருந்த அந்த அக்கா உன்னிடம் வந்தார். வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்று, பேச்சு போய்விட்டது என்று மெல்லச் சொன்னார். பிறகு கேட்டார், "தம்பி, அது ஊசியாங்க, மாத்திரையாங்க?"  கைகழுவப் போகிறவன்போல எழுந்தாய். இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் ஓசூர் பஸ்ஸில் நீ ஏறியதைப் பார்த்ததாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து சொன்னார். அன்றிலிருந்து நீ வரவில்லை. அரை நாள் பயணம்கூட இல்லாத பெங்களூர், அமெரிக்காவைவிடத் தூரமாகிப் போனது.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது உங்கப்பா அந்த லேமினேட்டை மஞ்சள் பையில் எடுத்துவந்தார். டாக்டரம்மா மேசை மேல் வைத்து, "இந்த மருந்த இவளுக்குக் குடுங்கம்மா. பையன்கிட்டச் சொல்லி அனுப்பச் சொல்றேன்" என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. வெளியே வரிசை நிற்கிறது என்று சொல்லவில்லை. முதல் பக்கம் முழுவதையும் படித்தார். "உங்க பையன் நல்ல வேலை செஞ்சிருக்காருங்க. ஆனா இது தட்டுல வளர்த்த செல்லு. மனுச ஒடம்புக்கு வர இன்னும் ரொம்ப தூரம் இருக்குதுங்க" என்றார். "எவ்ளோ தூரங்க?" "அது எனக்கே தெரியாதுங்க ஐயா." அப்புறம் என் ஸ்கேனைப் பற்றிப் பேசினார். ஊசி மருந்து இனி வேலை செய்யாது, உடம்பை வருத்துவது மட்டும்தான் மிஞ்சும், வலிக்கு மாத்திரை தருகிறேன், வீட்டில் இருங்கள் என்றார். ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் உங்கப்பா அந்தத் தாளை மடியில் குப்புறப் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார். பாலக்கோடு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "அவன் பொய் சொல்லல புள்ள." "நான் எப்பங்க சொன்னேன்?" "நீ சொல்லல. நான் மனசுல சொல்லிட்டேன், கொஞ்ச நேரம்."  ஊர் வந்ததும், "கெடா வெட்டுனது வெட்டுனதுதான். அவன் படிச்சதுக்கு வெட்டுனதா இருக்கட்டும்" என்றார். மறுநாள் மண்டிக்குப் போய், அதே ஆட்களிடம், மருந்து வரவில்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார். கமிஷன் கடைக்காரர் சீண்டவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தாராம். சீண்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்றார் உங்கப்பா.

உன்னிடம் பேச எங்களுக்கு ஒரு வழிதான் மிஞ்சியது. "எப்ப வர்ற?" என்று கேட்டால் நீ போனை எடுப்பதில்லை. ஆனால் நித்யா வாட்ஸாப்பில் உயிரியல் சந்தேகம் கேட்டால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவாய். அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். முதலில் அவளுடைய சந்தேகங்களைக் கேட்டாள். பிறகு என்னுடையவற்றைக் கேட்கத் தொடங்கினாள். சில வாரங்களாக நீ உன் தங்கைக்கு எழுதியதில் பாதி எனக்கு எழுதியது, கண்ணு. அவள் வாசிப்பாள், நான் கண்ணை மூடிக் கேட்பேன். புரியாத இடத்தில் அவள் பாடப்புத்தகத்தில் படம் காட்டுவாள். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் என் உடம்புக்குள் நடப்பதைப் பற்றி எனக்கு யாராவது சொன்னார்கள் என்றால் அது நீ மட்டும்தான்.

உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது, வேண்டிய பக்கத்தை மட்டும் செல் நகலெடுத்துக்கொள்ளும் என்று எழுதினாய். அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயராம். "வளர்" என்று தூது போனால் செல் வளரும். காயம் ஆறவும் வயிற்றில் பிள்ளை வளரவும் அந்தத் தூது வேண்டும். ஆனால் போதும் என்கிற நேரத்தில் அதை நிறுத்தவும் ஆள் வேண்டும் அல்லவா? அதற்கென்று சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன, அவை தாமாக எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை, தூதின்மேல் போய் ஒட்டி அதைப் படிக்கவிடாமல் செய்வதுதான் அவற்றின் வேலை என்றாய். புற்றுநோயில் சில நேரம் அந்தச் சின்ன ஆள் காணாமல் போகிறான், வளர் வளர் என்ற தூது ஓயாமல் படிக்கப்படுகிறது. சில நேரம் வேறொரு சின்ன ஆள் அளவுக்கு மீறிப் பெருகி, போதும் என்று சொல்லும் தூதையே அமுக்கிவிடுகிறான். நித்யா இதை வாசித்தபோது எனக்கு நம் மிளகாய்ப் பாத்திதான் நினைவுக்கு வந்தது. தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டுவிட்டோம், கிணற்றடி மிளகாய்க்கு இன்னும் வாய்க்கால்தான். கரண்டு வந்தால் மோட்டார் ஓடும். எந்தப் பாத்தி நிறைந்தது என்று தண்ணீருக்குத் தெரியாது. மம்பட்டியோடு நிற்கிற ஆள்தான் நிறைந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால், அதே நல்ல தண்ணீரில் செடி அழுகிப்போகும்.

உனக்கு இது சாதாரணமாக இருக்கும். எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? யாரோ செய்வினை வைத்தார்கள் என்று ஒருத்தி சொன்னாள். போன பிறவியில் என்ன பாவமோ என்று இன்னொருத்தி என் காதுபடவே பேசினாள். நானும் இரவும் பகலும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று. எனக்குள் எதிரி யாரும் நுழையவில்லை, என் தண்ணீர் கெட்ட தண்ணீர் இல்லை, மடை அடைக்கிற ஆள் இல்லாமல் போனார், அவ்வளவுதான் என்று தெரிந்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். நீ கொடுத்த மருந்து அது. லேமினேட் போடாத மருந்து.

அப்புறம், காணாமல் போன ஆளை வெளியிலிருந்து அனுப்பினால் என்ன என்று கேட்கச் சொன்னேன். அதைத்தான் செய்கிறோம் என்று எழுதினாய். தட்டில் செல்லின் மேலேயே ஊற்றிவிடலாம், உடம்பில் அப்படி முடியாது. ரத்தத்தில் போகும்போதே சிதைந்துவிடும், மிஞ்சியதில் பெரும்பகுதியை ஈரல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஈரலில் உண்டாகும் சில வேறு கோளாறுகளுக்கு இந்த வழியில் மருந்து வந்துவிட்டது, கட்டிக்கு இன்னும் வரவில்லை என்றாய். ஈரலில் இருக்கிற புற்றுக்காவது ஆகாதா என்று உடனே கேட்கச் சொன்னேன், என் ஆசை அப்படி. அது ஈரலின் சொந்தச் செல் இல்லை, அங்கே போய்க் குடியேறிய செல், அதற்குள் நுழைவதும் கடினம் என்றாய். போய்ச் சேர்ந்தாலும் உடம்பின் காவல் அதை அந்நியனாக நினைத்து எதிர்த்துக் கிளம்பலாம், ஒரே சின்ன ஆர்.என்.ஏ. பல தூதுகளை நிறுத்தும் என்பதால் வேண்டாததும் நின்றுபோகலாம் என்றாய். நான் சொன்னேன், "ஆமா, நம்ம காடு கழனி தெரியாத கூலியாளு கையில மம்பட்டியக் குடுத்தா பக்கத்து மடையையும் சேத்து அடைச்சுட்டு வருவான்." நித்யா அதை அப்படியே அனுப்பிவிட்டாள். எழுத்து மாதிரி மாற்ற மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உன்னிடமிருந்து ஒரே சொல் வந்தது. "அம்மாவா?"

அவள் "ஆமாண்ணா" என்று அனுப்பினாள். நீ பார்த்துவிட்டாய் என்று நீலக்கோடு காட்டியது. அதற்குப் பிறகு எந்தச் சந்தேகத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாலக்கோட்டு அக்கா திரும்ப வந்தார். நீ அனுப்பிவைத்திருப்பாய் என்று நினைத்து, மருந்தை வாங்கிப்போக ஒரு துணிப்பையோடு வந்தார். நான்தான் சொன்னேன், மருந்து இல்லை என்று. "அப்ப எதுக்குங்க கெடா வெட்டுனீங்க? மைக்கு வெச்சு ஊரைக் கூப்புட்டீங்களே" என்று கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. பிறகு அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். உங்கப்பா எழவுக்குப் போனார். போக வேண்டாம், ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று எல்லோரும் தடுத்தோம். போய்ப் பந்தலின் கடைசியில் நின்றிருக்கிறார். அந்தக்கா தன்னைப் பார்த்ததும் கிட்டப் போய், "தப்பு என்னுதுங்க, பையன் மேல இல்லிங்க" என்று சொன்னாராம். அந்தக்கா தலையை மட்டும் ஆட்டினாராம்.

மாதேஷு, உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. இந்த ஒன்றுதான். உன் வேலை இதுவென்றால், ஊசியா மாத்திரையா என்று ஆயுசு முழுக்க உன்னிடம் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். எழுந்து போகாதே. பக்கத்தில் உட்கார். அவர்கள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடி. "இன்னும் இல்லைங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல். அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள். மருந்து இல்லாத டாக்டரம்மா அன்று எங்களிடம் அப்படித்தான் இருந்தார், அதனால்தான் நாங்கள் அந்த அறையிலிருந்து நடந்தே வெளியே வர முடிந்தது. உனக்குச் சொல்லப் பழக வேண்டும் என்றால் முதலில் என்னிடம் வந்து சொல். என் கட்டிலோரம் உட்கார்ந்து, "எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்று சொல். நான் "சரிடா" என்பேன். அவ்வளவுதான் நடக்கும். அதைச் சொல்ல முடியாமல்தானே நீ இத்தனை நாள் வராமல் இருக்கிறாய்?

நீ வெறுங்கையோடு வருவதற்கு வெட்கப்படுகிறாய். பெற்றவளைப் பார்க்க வருகிற பிள்ளைக்குக் கையில் என்ன வேண்டும்? அந்த நெல்லு அளவு ஆர்.என்.ஏ.வை (நெல்லைவிட ரொம்பச் சின்னது என்று நித்யா திருத்துகிறாள்) எப்படியாவது உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியை நீயோ, உன் சீனியரோ, உனக்குப் பின்னால் வருகிறவர்களோ கண்டுபிடிப்பீர்கள். அது எனக்கானது அல்ல. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வருத்தம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. இந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போவதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அவள் எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்று அதட்டுகிறேன்.

உங்கப்பா தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். "என்னா எழுதறீங்க ரெண்டு பேரும்?" என்கிறார். அண்ணனுக்கு என்றோம். "திரும்பிப் போற பஸ்ஸுக்கு நேரம் பாத்துக்கிட்டு வர வேணாம்னு எழுது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். டாக்டரம்மா சொன்ன நாள் கணக்கை எழுதட்டுமா என்று நித்யா கேட்கிறாள். வேண்டாம். அவனுக்குத் தெரியும் என்றேன். நீ வந்தால் இங்கே யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். வந்து உட்கார், அந்தச் சின்ன ஆளைப் பற்றி உன் வாயால் ஒருமுறை சொல், அப்புறம் நான்

அண்ணா, அம்மா இந்த இடத்தில் தூங்கிவிட்டார்கள். வலி மாத்திரை போட்டால் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்குகிறார்கள். வரியை முடிக்கலாம் என்று காத்திருந்தேன், எழுப்ப மனம் வரவில்லை. மூச்சு வருகிறது, நிற்கிறது, திரும்ப வருகிறது. எவ்வளவு நேரம் நின்றால் அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. நீ வா.